தோல்முட்டை

எனக்கு வாய் நீளம். இதை அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். கோபம் வந்தால் முதலில் வார்த்தை வந்துவிடும். புத்தி பிறகு ஆடி அசைந்து வந்து சேரும். என் ஐந்து கோழிகளும் முட்டை போடாமல் நின்ற கதை இது. கோழிகள்மேல் இதில் பெரிய குற்றமில்லை.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எட்டுக் காம்பரா. ரப்பர் மலைக்கு அடியில் இருக்கிறது. பெல்மதுளை போகிற பஸ்ஸைப் பிடிக்க முக்கால் மணி நேரம் இறங்கி நடக்க வேண்டும். பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் கார்மெண்ட்டுக்கும் போனார்கள். பிறகு பெற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஆறு காம்பராவில் பூட்டுத் தொங்குகிறது. ஏழாவதில் நான் இருக்கிறேன். எட்டாவதில், கடைசித் தொங்கல் காம்பராவில், அக்கா இருக்கிறார். கூடப்பிறந்தவர் அல்ல, பழகிப்போய் அக்கா. எழுபதை நெருங்கியவர், வயதாகி மலை வேலையிலிருந்து பேர் வெட்டிய பிறகு வீட்டோடு இருப்பவர். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடமாகிறது. பிள்ளை கிடையாது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எம்பிலிப்பிட்டியாவில் ஒரு தம்பி.

லயத்துக் காம்பராக்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் திறந்துதான் கிடக்கும். அந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் இந்தப் பக்கம் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும். நான் தும்மினால் சுவருக்கு மேலாக "நூறு" என்று அக்காவின் குரல் வரும். இரண்டாம் தும்மலுக்கு "இருநூறு". மூன்றாவதும் வந்தால், "போதும்டி தாயி, அவ்வளவு நாள் இருந்து என்னா பண்ணப் போற" என்பார். நானும் அவருக்கு அப்படித்தான் சொல்வேன். ஆளை ஆள் பார்க்காமல் நாள் முழுக்க இப்படியே பேசிக்கொண்டிருப்போம்.

எனக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. விடியுமுன் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, ஒரு பிடி குருணலும் மிஞ்சிய ரொட்டியும் போட்டுவிட்டு மலை ஏறிவிடுவேன். மரம் மரமாக வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பகல் இரண்டு மணியாகும். வந்ததும் வாசல் தாழ்வாரத்தில், இஸ்தோப்பில், வைத்திருக்கும் கூடையைப் பார்ப்பேன். மூன்று முட்டையோ நான்கு முட்டையோ கிடக்கும். கோழி என்றால் முட்டை போடும், அதற்குமேல் நான் யோசித்ததே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கோழி திடீரென்று செத்துப்போனது. என்ன தின்றதோ தெரியாது. நான் வாசலில் நின்று, "எவ என்னத்தப் போட்டாளோ! இனிமே எவளாச்சும் என் கோழிக்கு ஒரு பருக்க போட்டுப் பாரு, அப்புறம் இருக்கு!" என்று கத்தினேன். லயத்தில் அப்போதும் நாங்கள் இரண்டே பேர்தான். யாரைச் சொல்கிறேன் என்று தெரியாமல் இருக்குமா?  அக்கா கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு மேலாக, "தங்கச்சி, ரசம் இருக்கு, ஊத்தித் தரவா" என்று மட்டும் கேட்டார். நானும் வெட்கமில்லாமல் கிண்ணத்தை நீட்டினேன்.

இந்தத் தைப்பொங்கல் முடிந்ததும் அக்கா கண் ஆப்பரேசனுக்காகக் கொழும்பில் மகன் வீட்டுக்குப் போனார். இரண்டு மாதம். எட்டுக் காம்பரா லயத்தில் நான் ஒருத்தி. சொன்னால் சிரிப்பீர்கள், தும்மிவிட்டு அந்த "நூறு" வராததால் சுவரைத் திரும்பிப் பார்த்த நாட்கள் உண்டு. வேலை விட்டு வந்து கதவைத் திறக்கும்போது கோழிகளிடம் பேசுவேன். "என்னாடி, சாப்பிட்டீங்களா?" அவை ஓடி வந்து காலைச் சுற்றும். பசியில் சுற்றியிருக்கின்றன, நான் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு மாதமும் மழையே இல்லாத நல்ல காய்ச்சல். பீலிக் குழாயில் தண்ணீர் விரல் தடிப்பில் வந்தது. லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் வாய்க்கால் காய்ந்து வெடித்தது. மரத்தில் பாலும் குறைந்தது. கூடையில் முட்டை நான்கு மூன்றாகி, மூன்று இரண்டானது. எடுக்கும்போதே விரல் உள்ளே போகிற அளவுக்கு ஓடு மெலிந்திருந்தது. உடைத்தால் கரு வெளிறிக் கிடந்தது. ஒரு நாள் ஓடே இல்லாமல், வெறும் தோலோடு ஒரு முட்டை கூடையில் தொளதொளவென்று கிடந்தது. கையில் எடுத்ததும் நழுவித் தரையில் விழுந்தது. வெயிலுக்கு அப்படித்தான் போடும் போலிருக்கிறது என்று சாம்பலைப் போட்டு வழித்துவிட்டேன்.

மாசிக் கடைசியில் அக்கா வந்து சேர்ந்தார். பெரிய கறுப்புக் கண்ணாடியோடு மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவரைப் பார்த்து, "ஐயோ, சினிமா நடிகையில்ல வந்திருக்கு!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒரு மாதத்துக்கு வெயில் ஆகாது, புகை ஆகாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அக்கா கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். விறகு அடுப்புப் புகை அவருக்கு ஆகாதென்று இரண்டு வீட்டுச் சோற்றையும் நானே வெளியில் கல் கூட்டிச் சமைத்தேன்.

அக்கா வந்த ஒரு வாரத்தில் முட்டை அடியோடு நின்றது. கூடையில் ஒன்றுமில்லை. வாசலெங்கும் கோழியிறகு மட்டும் பறந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் எடுத்தான். அவனுடைய மகள் வயசுக்கு வந்துவிட்டாள். "அக்கா, நீதான் அத்தை. தண்ணி ஊத்துறதுக்கு நீ வரணும். அப்புறம், புள்ளைக்கு நாட்டுக்கோழி முட்ட வேணும்க்கா. இங்க கடையில பூராவும் பாம் கோழி முட்டதான். ஞாயித்துக்கிழம நானே வந்து எடுத்துக்கறேன்" என்றான்.

பிள்ளைக்கு முப்பது நாள் வெறும் வயிற்றில் முட்டை கொடுப்போம். முனையைத் தட்டிப் பச்சையாகக் குடிக்க வைத்து, அதே ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வைப்போம். அத்தை வீட்டுக் கோழி முட்டை என்றால் அதற்கு ஒரு மதிப்பு. ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது வேறொன்று. தம்பி என் வீட்டுப் படி ஏறி இரண்டு தீபாவளி போயிருந்தது. முட்டை இருந்தால் அவன் வாராவாரம் வருவான். நாலு வார்த்தை பேசுவான், என் கையால் ஒரு வாய் சாப்பிடுவான். அந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை நான் மனதில் எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் வேலை விட்டு வருகிறேன். அக்காவின் ஒருக்களித்த கதவுக்குள்ளிருந்து என் செவலைக்கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே வருகிறது. எனக்குச் சுரீரென்றது. அக்கா வந்தார், முட்டை நின்றது. கோழி அவர் வீட்டுக்குள் போய்விட்டு வருகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? நான் சமைத்துப் போடும் சோற்றைத் தின்றுவிட்டு என் முட்டையை எடுக்கிறாரா என்று வயிறு எரிந்தது. ஆனால் அப்போது கேட்கவில்லை. ஞாயிறு வரைக்கும் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். நான் பத்து நாளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த இரண்டு முட்டையை நீட்டினேன். அதில் ஒன்று வெடித்திருந்தது. அவன் பார்த்துவிட்டு, "பரவால்லக்கா. அவ அம்மா வீட்டுல இருந்து அனுப்புறேன்னாங்க. நான் அங்க சொல்லிக்கறேன்" என்றான். சோறு ஆக்கி வைத்திருந்தேன். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இறங்கினான். முட்டைகளை எடுத்துப் போகவும் இல்லை.

அவன் திருப்பத்தில் மறைந்ததும் நேரே தொங்கல் காம்பராவுக்குப் போனேன்.

"அக்கா, என் கோழி ஒங்க வீட்டுக்குள்ள என்னா பண்ணுது?"

"அது வரும், போகும். ஏன் தங்கச்சி?"

"முட்டையும் ஒங்க வீட்டுலதான் போடுதோ?"

அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "என்னா பேசுற நீ?"

"வெள்ளிக்கெழம முனியாண்டி கல்லுக்கு வாங்க. சூடத்த அணைச்சுட்டுப் போயிருங்க."

எங்கள் தோட்டத்தில் பொருள் காணாமல் போனால் எடுத்த எடுப்பில் பொலிசுக்குப் போகமாட்டோம். சந்தேகப்பட்ட ஆளைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, சூடம் கொளுத்தி, "அணை" என்போம். எடுக்காதவர் உள்ளங்கையால் அடித்து அணைப்பார். எடுத்தவருக்குக் கை வராது. நகை போனால், ஆடு மாடு போனால் செய்கிற காரியம் அது. நாலு பெரிய மனிதரை வைத்துச் செய்வார்கள். முட்டைக்காக யாரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய, லயத்துக்குக் கீழே பலாமரத்தடி முனியாண்டி கல்லுக்கு முன்னால் நாங்கள் இருவரும் நின்றோம். பூசாரி இல்லை, சாட்சி இல்லை. சாட்சிக்குக் கூப்பிட இந்த லயத்தில் எனக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான். வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். புகை ஆகாது என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வராமலில்லை. வாயைத் திறக்கவில்லை நான்.

"தங்கச்சி வீட்டு முட்டைய நான் எடுத்ததில்ல சாமி" என்று சொல்லி ஓங்கி அடித்து அணைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடுமா? "இனிமேலும் என் கோழியத் தொட மாட்டேன், அதுக கிட்டயே போக மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, புகையோ என்னவோ. "சரி. தொட மாட்டேன். கிட்டப் போக மாட்டேன்" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தடவித் தடவிப் படியேறிப் போனார்.

அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மறுநாள் நான் வைத்த சோற்றுத் தட்டு மூடியது மூடியபடி என் வாசலுக்குத் திரும்பி வந்தது. எரியும் அடுப்புக்கு முன்னால் அவரே உட்கார்ந்து இருமிக்கொண்டு சமைத்தார். முட்டையோ அதன்பிறகும் வரவில்லை. சத்தியத்துக்குப் பயந்து நிறுத்திவிட்டார் என்றால் இப்போது கூடையில் முட்டை இருக்க வேண்டுமே? அந்தக் கேள்வி என் மண்டைக்குள் மெல்ல மெல்லத்தான் ஏறியது.

சம்பளம் போட்ட வாரத்தில் பெல்மதுளையில் கோழித்தீனி விற்கும் முஸ்லிம் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூட்டையைத் தைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எறகு கொட்டுதா?"

"வாசல் பூரா எறகுதாங்க."

"எறகு கொட்டுற கோழி முட்ட போடாதும்மா. தண்ணியும் தீனியும் கொறஞ்சா நேரத்துக்கு முந்தியே கொட்டிரும். தண்ணி வெக்கிறீங்களா?"

"கான்ல குடிச்சுக்கும்."

"இந்த வெயிலுக்குக் கான்ல எங்கம்மா தண்ணி? ஒரு பகல் தண்ணி இல்லாட்டியே கோழி முட்டைய நிப்பாட்டிரும். சரி, ஓடு மெலிஞ்சு வந்துச்சா?"

தோல்முட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சுண்ணாம்புச் சத்து இல்ல. மெலிஞ்ச முட்ட தானா உடையும். ஒருக்கா ருசி பாத்திட்டுதோ, பொறகு போடப் போட அதே கொத்தித் தின்னும். ஒங்களுக்கு வெறுங்கூடைதான் மிஞ்சும். முட்ட ஓட்ட வறுத்துப் பொடிச்சுப் போடுவீங்களா? கீரை, கொழ ஏதும்?"

"அதெல்லாம் நான் ஒருநாளும் போட்டதில்லைங்க. இத்தன வருசமும் அதுகபாட்டுக்குத்தான் நல்லாப் போட்டுச்சு."

அவர் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அதுகபாட்டுக்கு எப்பிடிம்மா? ஒங்களுக்குத் தெரியாம ஆரோ வெச்சீக்கிறாங்க."

 தீனியை வாங்காமலேயே பஸ் ஏறிவிட்டேன். பிறகு வழியில் இறங்கித் திரும்பப் போய் வாங்கினேன்.

அடுத்த நாள் விடிய மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து இஸ்தோப்பில் குந்தினேன். கோழிகள் பகலில் என்ன செய்கின்றன என்று அத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். பத்து மணி இருக்கும், மழை விட்டது. முதலில் செவலை போனது. பின்னாலேயே மற்ற நான்கும் போயின. தொங்கல் காம்பராவின் சாத்திய கதவுக்கு முன்னால் ஐந்தும் போய் நின்றன. செவலை கதவை இரண்டு தரம் கொத்தியது. பிறகு எல்லாம் அப்படியே நின்றன.

எழுந்து போய்ப் பார்த்தேன். அக்காவின் இஸ்தோப்பு மூலையில், தூணுக்குப் பின்னால், ஒரு பழைய மார்ஜரின் தகரம். அடியில் காய்ந்த பாசி. பக்கத்தில் சின்ன இடிகல். அதன் குழியில் வெள்ளையாக ஓட்டுத்தூள் ஒட்டியிருந்தது. ஓரத்தில் வல்லாரை நட்டிருந்தார். கோழிகள் கொத்தியதுபோகத் தண்டைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. நான் மலைக்குப் போன பிறகு தண்ணீர் வைத்து, நான் வருமுன் எல்லாவற்றையும் தூணுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். முட்டை நின்றது அவர் வந்ததால் அல்ல. அவர் போனதால். அவர் கொழும்பில் இருந்த இரண்டு மாதத்தின் வறட்சி அவர் திரும்பி வந்த வாரத்தில் கூடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் ஒரு மடச்சி.

கதவைத் தட்டினேன். திறந்தார்.

"அக்கா, நீங்கதான் இதுகளுக்கு..."

"ம்."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

காலில் விழுந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் விடாமல் தோளைப் பிடித்துத் தூக்கினார். "தப்புப் பண்ணிட்டேன்க்கா. முன்ன மாதிரி இருங்க. கண்ணு நல்லானதும் இதுகளப் பாத்துக்கங்க" என்று அழுதேன்.

அவர் கோழிகளைப் பார்த்தார். செவலை அவர் காலடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சாமி முன்னாடி சொல்லிட்டேன் தங்கச்சி. நீதான சொல்லச் சொன்ன."

மெதுவாகக் கதவைச் சாத்தினார். அதுதான் கடைசியாகப் பேசியது.

கடைக்காரர் சொன்னபடி எல்லாம் செய்தேன். ஓட்டை வறுத்துப் பொடித்தேன், கீரை நறுக்கினேன். கோழிகள் பத்து மணிக்கு அங்கேதான் போய் நிற்கின்றன என்பதால், விடியுமுன் அக்காவின் தகரத்தைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அவர் இஸ்தோப்பு ஓரத்திலேயே வைத்துவிட்டு மலைக்குப் போனேன். மேலும் ஒன்றரை மாதம் போனது. புது இறகு முளைத்தது. ஒரு நாள் கூடையில் கெட்டி ஓட்டோடு ஒரு முட்டை. இப்போது தினம் நான்கு. தம்பிக்குப் போன் எடுத்தேன். "முப்பது நாள் எப்பவோ முடிஞ்சிருச்சேக்கா. நீயே சாப்பிடு" என்றான். இரண்டு முட்டையை அக்காவின் ஜன்னல் கட்டையில் வைத்தேன். மறுநாளும் அங்கேயே இருந்தன. மூன்றாம் நாள் காக்கை கொத்திவிட்டுப் போனது.

போன வாரம் வேலை விட்டு வரும்போது தகரத்தைப் பார்த்தேன். நான் காலையில் வைக்கும் தண்ணீர் பகலுக்குள் வற்றிவிடும். அன்றைக்கு விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. தகரமும் வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்ந்திருந்தது. மழை இல்லை. தகரம் அவருடையது, அதைத் தொட்டால் சத்தியம் உடையாது, சத்தியம் என் கோழிக்குத்தான். இனிப் பேசுவார் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அன்று பொழுது சாய, வேண்டுமென்றே காய்ந்த மிளகாயை ஒரு கை அள்ளிச் சட்டியில் போட்டு வறுத்தேன். நெடி சுவரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் அக்கா தும்மினார்.

"நூறு!" என்றேன், சத்தமாக.

பிறகு எனக்கும் வந்தது. பெரிய தும்மல், அடங்காத தும்மல். தும்மிவிட்டு அசையாமல் நின்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சட்டியில் மிளகாய் கருகும்வரை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாத்திரச் சத்தம் திரும்பத் தொடங்கியது.

"நூறு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சட்டியை இறக்கினேன்.